சைக்கிளுக்கு ரோட்டோரம் கேட்பது எப்படி: இராமநாதபுரம் கடற்கரையில் புதிதாகக் களமிறங்குவோருக்கு

தொண்டி, தேவிபட்டினம், திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி எனப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒரு பக்கம். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வழியாக ராமேஸ்வரம் போகும் தேசிய நெடுஞ்சாலை இன்னொரு பக்கம். இந்த இரண்டிலும் தினமும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு வேறு வண்டி கிடையாது. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், விடியற்காலையில் கரைக்குப் போகும் மீனவர்கள், வாலிநோக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், கண் பார்வை மங்கி மோட்டார் சைக்கிளை விட்டுவிட்ட பெரியவர்கள். அதே ஓரத்தில்தான் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு தண்ணீருக்குப் போகும் பெண்களும் வருகிறார்கள். அரசு சைக்கிள் கொடுத்திருக்கிறது. அதை ஓட்ட ஓரம் இன்னும் கிடைக்கவில்லை. அந்த ஓரத்தைக் கேட்டு வாங்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் எதைக் கேட்பது

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் "எங்கள் ஊருக்குத் தனி சைக்கிள் பாதை வேண்டும்" என்று மனு எழுதுகிறார்கள். அந்த மனு மேசையைவிட்டு நகராது. காரணம் இருக்கிறது. சாலைத் தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின், பொறியாளர்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டும் அளவுகோலின்படி, மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வாகனம் போகும் ரோட்டில் உச்ச நேரத்தில் 400 சைக்கிளாவது போனால்தான் தனிப் பாதைக்கு நியாயம் உண்டு. மோட்டார் வாகனம் 200-ஐத் தாண்டினால் 100 சைக்கிள் போதும். நம் ஊர்களில் பள்ளி விடும் நேரத்தைத் தவிர அந்த எண்ணிக்கை வராது. தனிப் பாதை என்றால் ஒருவழிக்கே 2 மீட்டர், இருவழிக்கு 3 மீட்டர் அகலம் வேண்டும். அதற்கு நிலம் எடுக்க வேண்டும், கடலை ஒட்டிய இடமென்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் வாங்க வேண்டும். இத்தனையும் நடக்கப் பல வருடம் ஆகும்.

அதனால் முதல் கோரிக்கை புருவமாக இருக்கட்டும். தார் விளிம்புக்கும் பள்ளத்துக்கும் நடுவே உள்ள மண் ஓரத்தை நெடுஞ்சாலைத் துறையில் அப்படித்தான் சொல்வார்கள். மனுவிலும் அதே சொல்லையே எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் தார் மட்டத்துக்குச் சமமாகக் கெட்டிப்பட்ட புருவம், அதில் முள் இல்லாமை, தார் விளிம்பில் வெள்ளைக் கோடு. இதற்கு நிலம் எடுக்க வேண்டியதில்லை. பராமரிப்பு நிதியிலேயே செய்யக்கூடியது. உதவிப் பொறியாளர் எஸ்டிமேட் போட்டால் வேலை நகர ஆரம்பித்துவிடும். தனிப் பாதை தேவையில்லை என்பது பொருளல்ல. பட்டணம்காத்தான் சந்திப்பு போன்ற நெரிசலான இடங்களுக்கு அது வேண்டும்தான். ஆனால் முதல் வெற்றி கிடைக்காத குழு ஆறு மாதத்தில் கலைந்துவிடும்.

நீளத்தையும் குறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு பள்ளிக்கூடம், அதிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அவ்வளவு போதும்.

ரோடு யாருடையது

மனு தவறான அலுவலகத்துக்குப் போவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கிலோமீட்டர் கல்லின் தலைப்பகுதி நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடு. கல்லே இல்லாத உள்ரோடு பெரும்பாலும் ஊராட்சி அல்லது ஊராட்சி ஒன்றியத்துடையது. நகராட்சி எல்லைக்குள் (இராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம்), பேரூராட்சி எல்லைக்குள் (மண்டபம், தொண்டி, சாயல்குடி) தெருக்கள் அந்தந்த அமைப்பின் பொறுப்பு. ஆனால் ஊருக்குள் புகுந்து போகும் நெடுஞ்சாலை மட்டும் நெடுஞ்சாலைத் துறையிடமே இருக்கும்.

தேசிய நெடுஞ்சாலையில் இன்னொரு சிக்கல் உண்டு. சில பகுதிகளை தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் சில பகுதிகளை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவும் பார்த்துக்கொள்ளும். கல்லைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தெருவிளக்கு மட்டும் ரோடு யாருடையதாக இருந்தாலும் பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்பின் வேலை. அதனால் விளக்குக்கான மனுவைத் தனியாக எழுதுங்கள்.

எழுத்தில் கேட்கும் வழி 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரிவு 6(1)-இன்படி கோட்டப் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. கேட்க வேண்டியவை:

இந்தக் கிலோமீட்டரிலிருந்து அந்தக் கிலோமீட்டர் வரை ரோட்டின் வகை என்ன, பராமரிக்கும் பிரிவு எது? பதிவேட்டின்படி தார் அகலம், புருவ அகலம், சாலை எல்லையின் மொத்த அகலம் எவ்வளவு? கடைசியாக மேல்தளம் போட்ட தேதி, தடிமன், ஒப்பந்ததாரரின் குறைபாடு பொறுப்புக் காலம் (குறை வந்தால் அவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம்) முடியும் நாள் எது? அந்த எஸ்டிமேட்டில் புருவ வேலை சேர்க்கப்பட்டதா, அதன் நகல்.

"ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். பதிவேட்டில் உள்ளதைத்தான் அவர்கள் தர வேண்டும், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மொத்த மனுவையும் தட்டிக்கழிக்க இடம் கிடைத்துவிடும்.

அளப்பது

தேவையானவை: 30 மீட்டர் டேப் ஒன்று, 5 மீட்டர் ஸ்டீல் டேப் ஒன்று, நேரான மரச்சட்டம் ஒரு மீட்டர் நீளத்தில், 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், சாக்பீஸ், அட்டையில் கிளிப் போட்ட தாள், ஒளிரும் சட்டை இரண்டு. மூன்று பேர் போங்கள். ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, மூன்றாமவர் வண்டி வருவதை மட்டும் பார்க்க. மூன்றாமவர் கையில் வேறு எந்த வேலையும் இருக்கக் கூடாது, போனும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் முடிந்துவிடும்.

இடத்தைக் குறிக்க நெடுஞ்சாலைக் கற்களையே பயன்படுத்துங்கள். இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று சின்னக் கற்கள் நட்டிருப்பார்கள். 14-ஆம் கிலோமீட்டருக்குப் பிறகு 4 என்ற கல் என்றால் "கி.மீ. 14/4" என்று எழுத வேண்டும். பொறியாளரின் எஸ்டிமேட்டும் இதே முறையில்தான் இருக்கும். "டீக்கடைக்கு எதிரே" என்று எழுதிய புகாரை அவர் திரும்பப் போய்த் தேட வேண்டும். "கி.மீ. 14/4, இடப்பக்கம்" என்றால் அப்படியே தன் தாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு சின்னக் கல்லருகிலும் நான்கு அளவு எடுங்கள்: தார் அகலம், இடப் புருவ அகலம், வலப் புருவ அகலம், விளிம்புப் பள்ளம் (தார் விளிம்பிலிருந்து புருவம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது). விளிம்புப் பள்ளத்தை அளக்க மரச்சட்டத்தைத் தார் மேல் பாதியும் புருவத்துக்கு மேலே பாதியுமாக நீட்டிப் பிடித்து, சட்டத்தின் அடியிலிருந்து மண் வரைக்கும் ஸ்கேலை நட்டுக்குத்தாக வைத்துப் படியுங்கள். 2 செ.மீ. என்றால் சைக்கிள் ஏறிவிடும். 5 செ.மீ. தாண்டினால் முன்சக்கரம் விளிம்பை உரசிக்கொண்டே போகும், ஏறாது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது இறங்கிய பிள்ளை, பஸ் போனதும் ஹேண்டிலைச் சற்றே திருப்பி மறுபடி தாருக்கு ஏறப் பார்க்கும். அந்த நொடியில்தான் சக்கரம் விளிம்பில் மாட்டி ரோட்டுப் பக்கமாகவே ஆளைத் தள்ளுகிறது. ஓரத்தில் விழுந்ததாகச் சொல்லப்படும் பல விபத்துகள் உண்மையில் விளிம்பில் நடந்தவை.

இந்தப் பள்ளம் ஏன் வருகிறது? ஒவ்வொரு முறை மேல்தளம் போடும்போதும் தார் 25 முதல் 40 மி.மீ. உயர்கிறது. புருவம் அப்படியே கிடக்கிறது. மூன்று முறை தார் போட்ட ரோட்டில் மழைத் தண்ணீரும் அரித்த பிறகு பள்ளம் 10 செ.மீ.-ஐத் தொட்டுவிடும்.

அளவோடு சேர்த்துக் குறிக்க வேண்டியவை நம் பக்கத்துக்கே உரியவை. சீமைக்கருவேலம் புருவத்தை மூடி, ஓட்டுபவரைத் தாருக்குத் தள்ளும் இடங்கள். வளைவில் அதே புதர் எதிர்வண்டியை மறைக்கும் இடங்கள். புருவத்தில் கடல்மணலை அள்ளிக் கொட்டியிருக்கும் இடங்கள், அங்கே சக்கரம் புதையும். மீன் லாரியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி வழுக்கும் திருப்பங்கள். சிறுபாலங்கள்: புருவம் ஒன்றரை மீட்டர் இருந்தாலும் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் திடீரென முடிந்துபோகும், அந்தப் பத்து மீட்டரில் சைக்கிளும் லாரியும் ஒரே தடத்தில் போக வேண்டும். ரோட்டை முழுதாக அடைத்துப் போட்ட ரம்பிள் பட்டைகள் (வேகத்தைக் குறைக்க வரிசையாகப் போடும் குலுக்கும் பட்டைகள்), அவற்றைத் தவிர்க்க சைக்கிள்காரர்கள் மண்ணுக்கு இறங்குவார்கள். ஊர்க்காரர்களே தாரைக் குவித்துப் போட்ட குறுகலான, வெள்ளையடிக்காத வேகத்தடை.

படம் எடுக்கும்போது டேப்போ ஸ்கேலோ படத்துக்குள் இருக்கட்டும். ஜிபிஎஸ் மேப் கேமரா செயலியில் எடுத்தால் இடமும் தேதியும் படத்திலேயே பதிந்துவிடும். பிள்ளைகளின் முகம் விழக் கூடாது. இரவில் ஒரே ஒரு படம், லாரி ஓட்டுநர் கண் உயரத்தில், எதிரே ரிஃப்ளெக்டர் இல்லாத சைக்கிள் எப்படித் தெரிகிறது என்று காட்டுவதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவது

எந்த நாளில் எண்ணுகிறோம் என்பதில்தான் இந்தக் கடற்கரையில் பலரும் தவறிவிடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். மே மாதம் பள்ளியும் விடுமுறை. அப்போது எண்ணினால் மீன் லாரியும் இருக்காது, பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள். அமாவாசையன்று, அதிலும் ஆடி, தை அமாவாசைகளில், ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை ரோடுகளில் வெளியூர் வண்டி குவியும். அந்த நாளை வழக்கமான நாளாகக் காட்டினால் பொறியாளர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். வேண்டுமானால் அதைத் தனித் தாளில் எண்ணி, "திருவிழா நாள்" என்று தலைப்பிட்டுக் கொடுங்கள். ஏர்வாடி சந்தனக்கூடு நாட்களுக்கும் இதே விதி.

ஜூலை, ஆகஸ்டு, ஜனவரி கடைசி, பிப்ரவரி ஆகிய மாதங்கள் நல்லவை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள். காலை 5 முதல் 7 வரை மீன் நேரம், 8 முதல் 9.30 வரை பள்ளி நேரம், மாலை 4 முதல் 5.30 வரை. 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். ஓர் இடத்துக்கு இரண்டு பேர். ஒருவர் சைக்கிள், நடப்பவர், தள்ளுவண்டி ஆகியவற்றை எண்ண, மற்றவர் பஸ், லாரி, கார், ஆட்டோ, இருசக்கர வாகனம் எனப் பிரித்து எண்ணட்டும். ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு போடும் பழைய முறையே போதும். சைக்கிளில் எத்தனை பேர் எதிர்ப்பக்கத்தில் வருகிறார்கள் என்பதற்கும் ஒரு பத்தி வையுங்கள். அதைப் பிள்ளைகளின் ஒழுங்கீனம் என்று எழுதாதீர்கள். ரோட்டைக் கடக்கப் பாதுகாப்பான இடம் இல்லாததால் ஒரே பக்கமாகப் போய் வருகிறார்கள் என்பதற்கு அது சான்று.

வேகத்தை அளக்க ரேடார் துப்பாக்கி வேண்டாம். ரோட்டோரத்தில் 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடு. ஒருவர் முதல் கோட்டில் கையைக் காட்ட, இன்னொருவர் போனில் ஸ்டாப்வாட்ச் அழுத்தட்டும். 360-ஐ வினாடியால் வகுத்தால் கிலோமீட்டர் வேகம் வரும். 6 வினாடி என்றால் 60, 4.5 வினாடி என்றால் 80. 100 வண்டிக்கு அளந்து குறைந்த வேகத்திலிருந்து வரிசைப்படுத்துங்கள். 85-ஆவது எண்ணைத்தான் பொறியாளர்கள் கணக்கில் எடுப்பார்கள். மரத்தடியில் சற்று மறைவாக நில்லுங்கள். கூட்டத்தைப் பார்த்தால் ஓட்டுநர்கள் போலீஸ் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

விபத்து விவரம் வேண்டுமென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குத் தகவல் மனு போடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பகுதியில் நடந்த விபத்துகளின் தேதி, நேரம், இடம், பாதிக்கப்பட்டவர் சைக்கிளா நடப்பவரா என்பது மட்டும் போதும், பெயர் கேட்காதீர்கள். 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து 5 நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறையில் அது கரும்புள்ளி. அந்தப் பட்டியலில் சேர்ந்த இடத்துக்கு நிதி கிடைப்பது எளிது. சைக்கிளில் விழுந்து கை ஒடிந்தவர்கள் பெரும்பாலும் போலீசுக்குப் போவதில்லை. அதனால் பள்ளியில் ஒரு நோட்டு வைத்து, விழுந்த இடம், நேரம், காரணம் மட்டும் எழுதி வாருங்கள்.

மனு

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மாதிரி:

"பொருள்: ______ சாலை, கி.மீ. 14/2 முதல் 16/2 வரை, இருபுறப் புருவம் சீரமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மேற்படி பகுதியில் ______ அரசு மேல்நிலைப் பள்ளி அமைந்துள்ளது. மூன்று வேலை நாட்களில் எடுத்த கணக்கின்படி காலை 8 முதல் 9.30 வரை சராசரியாக ___ சைக்கிள்கள் செல்கின்றன. வாகனங்களின் வேகம் 85 விழுக்காட்டு அளவில் மணிக்கு ___ கி.மீ. விளிம்புப் பள்ளம் 11 இடங்களில் ___ செ.மீ.-க்கு மேல் உள்ளது (இணைப்பு 1).

கோருவது: 1. புருவத்தைக் கிராவல் இட்டு, நீர் தெளித்து, ரோலர் ஓட்டித் தார் மட்டத்துக்குக் கொண்டுவருதல். 2. கி.மீ. 15/0 முதல் 15/6 வரை சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றுதல். 3. கி.மீ. 15/4-இல் உள்ள விலக்கில் ரோட்டைக் கடக்கும் இடம், எச்சரிக்கைப் பலகை, விளிம்பில் ஒரு மீட்டர் விட்டு ரம்பிள் பட்டை அமைத்தல்."

மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். சிலவற்றைக் கேட்கும் விதம் முக்கியம். "மண் கொட்டுங்கள்" என்று எழுதினால் சவுடோ கடல்மணலோ வந்து இறங்கும், ஒரே மழையில் கரையும். கிராவல், தண்ணீர், ரோலர் மூன்றையும் எழுதுங்கள். "முள் வெட்டுங்கள்" என்றால் முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு மாதத்தில் இன்னும் அடர்த்தியாகத் தழைக்கும். வெட்டிய முள்ளைப் புருவத்திலேயே விட்டுவிட்டால் பள்ளிப் பிள்ளைகளின் டயர் அத்தனையும் பஞ்சர். எனவே வேரோடு அகற்றி அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுத வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கேட்காதீர்கள், பொதுவாக அனுமதிப்பதில்லை. அதில் வந்து சேரும் கிளைரோட்டின் வாயில் வேகத்தடை கேட்கலாம். இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வட்ட வடிவத் தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 செ.மீ. உயரமும் கொண்டது. சைக்கிள் அதில் குலுங்காமல் ஏறி இறங்கும்.

நகல்கள் போக வேண்டிய இடங்கள்: கோட்டப் பொறியாளர், உதவிக் கோட்டப் பொறியாளர், மாவட்ட ஆட்சியர். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் திரும்பி வராதீர்கள். ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கும்படி மனுவின் கடைசி வரியில் கேளுங்கள். காவல்துறை, நெடுஞ்சாலை, வட்டாரப் போக்குவரத்து அலுவலர் மூவரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அதுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவு, தரத்தைப் பின்பற்றாத ரோட்டால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. முதல் மனுவில் இதை எழுதாதீர்கள். உதவி செய்ய நினைக்கும் பொறியாளரும் தற்காப்புக்குப் போய்விடுவார். மூன்றாவது நினைவூட்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஆதரவு

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்துவிடுங்கள். வாயால் பேசிய கோரிக்கை பதிவேட்டில் ஏறாது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடம் பேச வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்துக்கு அதைவிட எடை அதிகம், ஏனென்றால் கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள்.

மீனவர் ஊர்க் கமிட்டி, ஜமாஅத், தேவாலயப் பங்கு, கோயில் நிர்வாகம் ஆகிய அனைவரின் கடிதமும் ஒரே உறையில் போகட்டும். ஒரு தரப்பின் கடிதம் மட்டும் போனால் அது அந்தத் தரப்பின் கோரிக்கையாகிவிடும். தள்ளுவண்டியோடு தண்ணீருக்குப் போகும் பெண்களை மறந்துவிடாதீர்கள். சமமான புருவத்தால் சைக்கிளுக்கு எவ்வளவு லாபமோ, அவ்வளவு லாபம் அவர்களுக்கும் உண்டு. கூட்டத்தில் அவர்கள் பேசினால் எதிர்வாதம் எழாது.

எதிர்ப்பு வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. அறுவடைக் காலத்தில் நெல்லும் மிளகாயும், கடற்கரை ஊர்களில் கருவாடும், வலையும் ரோட்டோரத்தில்தான் காய்கின்றன. அவர்களுக்கு வேறு இடம் இல்லை. "அகற்றுங்கள்" என்று மனு போட்டால் ஊர் இரண்டாகும், வேலை நின்றுபோகும். உலர்களம் வேண்டும் என்ற தீர்மானத்தையும் அதே கிராம சபையில் சேர்த்து நிறைவேற்றுங்கள். அதுவரை பள்ளி நேரத்தில் ஒரு பக்கப் புருவமாவது காலியாக இருக்கும்படி பேசிக்கொள்ளலாம்.

ஊர்வலமா, கூட்டு ஆய்வா

சைக்கிள் ஊர்வலம் படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் உதவிப் பொறியாளரைப் பள்ளி நேரத்தில் ஒருமுறை வரவழைத்து அந்த இரண்டு கிலோமீட்டரையும் சைக்கிளில் ஓட்டவைப்பது பத்து ஊர்வலத்துக்குச் சமம். பிரேக் சரியான சைக்கிளைத் தயாராக வையுங்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் போங்கள். அளவுத்தாள் அவர் கையில் இருக்கட்டும். சிறுபாலத்தின் மேல் போகும்போது பேச வேண்டியதில்லை, பின்னால் வரும் லாரி பேசும். முடிந்ததும் அங்கேயே ஒரு தாளில் என்ன செய்யலாம், எந்த நிதியில் என்று இரண்டு வரி எழுதி இருதரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊர்வலம் நடத்தத்தான் வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபரைத் தவிருங்கள். பரமக்குடியில் செப்டம்பர் 11, பசும்பொன்னில் அக்டோபர் 30 நிகழ்வுகளையொட்டி அந்த மாதங்களில் மாவட்டத்தில் வழக்கமாகத் தடையுத்தரவு இருக்கும், அனுமதி கிடைக்காது. மற்ற மாதங்களில் ஒரு வாரத்துக்கு முன்பே காவல் நிலையத்தில் பாதை வரைபடத்தோடு கடிதம் கொடுங்கள். ஞாயிறு காலை ஆறு மணி, ஆறு கிலோமீட்டர், நாற்பது பேர். இருவருக்கு மேல் பக்கம் பக்கமாகப் போகக் கூடாது. ஒவ்வொரு விலக்கிலும் கொடியோடு ஒருவர். ஏர் பம்பு, பஞ்சர் ஒட்டும் பெட்டி, கருவேல முள் பிடுங்க ஒரு சின்னக் கொறடு கையில் இருக்கட்டும்.

பாம்பன், தனுஷ்கோடி

இந்த இரண்டுக்கும் பொது விதி பொருந்தாது. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதில் புருவம் கிடையாது, அகலப்படுத்தவும் முடியாது. கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பக்கவாட்டுக் காற்று சைக்கிளை நடுரோட்டுக்குத் தள்ளும். பஸ் கடந்துபோகும்போது காற்று ஒரு நொடி மறைந்து மறுபடி அடிக்கும், விழுவது அப்போதுதான். பக்கத்திலேயே இருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்துவார்கள். சாலைப் பாலத்தில் சைக்கிள்காரருக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை என்பது வலுவான வாதம். கேட்க வேண்டியவை: இரு முனையிலும் காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டும் காற்றுப் பையும் எச்சரிக்கைப் பலகையும், பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பதற்கு முழுத் தடை. நிறுத்திய காரைச் சுற்றிப் போகத்தான் சைக்கிள்கள் நடுரோட்டுக்கு வருகின்றன.

தனுஷ்கோடியில் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் 2017-இல் திறந்த ரோட்டில் பிரச்சினை மணல். காற்று மணலைத் தார் மேல் மெல்லிய படலமாக விரிக்கும், திருப்பத்தில் சைக்கிள் சறுக்கும். அங்கே கட்டுமானம் கேட்காதீர்கள். மணல் அகற்றும் கால அட்டவணையைக் கேளுங்கள்.

சின்ன வேலை ஒன்று

புருவ வேலைக்காகக் காத்திருக்கும் மாதங்களில் குழு சும்மா இருக்கக் கூடாது. உள்ளூர்ப் பிள்ளைகள் பலர் விலக்கு வரை சைக்கிளில் வந்து, அங்கிருந்து பஸ் ஏறுகிறார்கள். சைக்கிளை வேப்பமரத்தில் சங்கிலி போட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் தலைகீழ் 'ப' வடிவக் குழாய்கள் ஐந்து போட்டால் பத்து சைக்கிள் நிற்கும். 50 மி.மீ. விட்டமுள்ள துத்தநாகப் பூச்சுக் குழாய், தரைக்கு மேல் 75 செ.மீ. உயரம், 75 செ.மீ. நீளம், கான்கிரீட்டுக்குள் 30 செ.மீ., ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளி. சாதாரண இரும்புக்குப் பெயின்ட் அடித்துப் போட்டால் உப்புக்காற்றில் தரையோடு சேரும் இடம் இரண்டே வருடத்தில் தின்றுபோகும். வளைத்து, வெல்டிங் முடித்த பிறகே பூச்சுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெல்டிங் வைத்த இடத்திலிருந்தே துரு தொடங்கும். ஊராட்சி நிதியிலோ, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலோ இதைக் கேட்கலாம்.

டெண்டரும் வேலையும்

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவுகள் அலுவலகத்தில் உருவாகும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் உங்கள் மனு அங்கே இருக்க வேண்டும். மார்ச்சில் கொடுத்தால் ஒரு வருடம் போய்விடும்.

மேல்தளம் போடும் டெண்டர் வந்துவிட்டால் அரசின் டெண்டர் இணையதளத்தில் அதன் அளவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். புருவத்துக்கான கிராவல், விளிம்புக் கோட்டுக்கான தெர்மோபிளாஸ்டிக் பெயின்ட் இரண்டும் இருக்கின்றனவா? இல்லையென்றால் அன்றைக்கே கோட்டப் பொறியாளருக்கு எழுதுங்கள். தார் போட்ட பிறகு சேர்ப்பது கடினம்.

வேலை நடக்கும் நாட்களில் காலையும் மாலையும் ஒருவர் போய்வர வேண்டும். கிராவல் இறங்குகிறதா மணல் இறங்குகிறதா, தண்ணீர் தெளித்தபின் ரோலர் ஓடுகிறதா, சிறுபாலத்தின் இரு முனையிலும் புருவம் மெல்லக் குறுகி முடிகிறதா. குறை கண்டால் தொழிலாளர்களிடம் சண்டை போடாமல் படமெடுத்து உதவிப் பொறியாளருக்கு அனுப்புங்கள். பெரிய பில் போவதற்கு முன் சொன்னால்தான் சரிசெய்வார்கள்.

வேலை முடிந்த வாரத்தில் பழைய கற்களருகே அதே நான்கு அளவையும் மறுபடி எடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஜனவரி முதல் வாரத்தில் மூன்றாவது முறை. மழை அரித்த இடங்களைக் குறைபாடு பொறுப்புக் காலத்துக்குள் ஒப்பந்ததாரர் தன் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். மூன்று அளவுகளையும் பக்கம் பக்கமாகப் போட்ட தாளை கோட்டப் பொறியாளருக்கு அனுப்பிவிட்டு, நகலை ஜனவரி 26 கிராம சபையில் வையுங்கள். அடுத்த இரண்டு கிலோமீட்டருக்கான தீர்மானத்தையும் அதே கூட்டத்திலேயே நிறைவேற்றிக்கொள்ளலாம்.